அக்கா வந்தால் நகரும் பள்ளம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஆராய்ச்சி மாணவர்களில் நாற்பதைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். வழிகாட்டியான பேராசிரியரே அவளைவிட இளையவர். அவர் அவளை ‘மேடம்’ என்பார், அவள் அவரை ‘சார்’ என்பாள். ‘நீங்க முதல்ல போங்க’ என்று இருவரும் மரியாதை செய்துகொண்டு வாசலிலேயே நிற்பார்கள். பின்னால் வருகிற பிள்ளைகள் கையில் கருவியோடு காத்துக் கிடப்பார்கள்.

அதற்கு முன்னால் அவள் பள்ளி ஆசிரியை. வருஷா வருஷம் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, இதுதான் எலக்ட்ரான், இது ஒரு குட்டிக் காந்த ஊசி போல நடந்துகொள்ளும், அந்தக் குணத்துக்கு ஸ்பின் என்று பெயர் என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அவளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது. முகமே பார்க்காத சம்பந்தியைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுவதுபோல ஒரு கூச்சம்.

ஒருநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கப் போனாள். ஓர் அறையில், கறுப்புத் திரையின் நடுவே சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. வைரத்துக்குள் ஓரிடத்தில் தனியாகச் சிக்கிக்கொண்ட எலக்ட்ரான் இருக்கிற இடம் அது, அந்த இடத்திலிருந்து வருகிற வெளிச்சம்தான் இது என்று அங்கிருந்தவர் சொன்னார்.

“ஒரே ஒரு இடமா?” என்று கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணுதாங்க.”

பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

வேலையை விட்டுவிட்டு அங்கே ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும் என்கிற விஷயத்தை வீட்டில் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “நான்தான் ஒரே ரூட்ல போய்ப் போய்த் தேஞ்சுட்டேன். நீயாவது ரூட்டை மாத்து” என்றார். பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற மகள், அம்மாவும் தானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தால் விளக்கு மிச்சம் என்றாள். மாமியார்தான் முடிவு சொல்ல வேண்டியவர். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. “போயிட்டு வா. சமையல் ரூம் எங்கேயும் ஓடிடாது. ஓடினா நான் பிடிச்சு வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது.

அவள் வேலை செய்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு பெரிய இரும்பு மேஜை. தெருவில் லாரி போனாலும் அசையாமலிருக்க, காற்று நிரப்பிய கால்கள் அதற்கு. மேஜை நிறைய விரல் அளவுக் கண்ணாடிகள், சுற்றிலும் கறுப்புத் துணி. அத்தனைக்கும் நடுவில், சின்னப் பிடிப்பு ஒன்றில் அந்த வைரம் இருந்தது. தொழிற்சாலையில் வளர்த்த தகடு, பருப்பில் பாதி அளவு. பக்கத்து வீட்டு அம்மாள், “ஒரு கம்மலுக்காவது வருமா?” என்று ஆசையாக விசாரித்தபோது, மூக்குத்திக்கே பத்தாது என்று அக்கா சொல்ல வேண்டியிருந்தது.

உலகமெல்லாம் குறையில்லாத வைரத்தைத் தேடுகிறது. இவர்கள் குறையைத் தேடினார்கள். வைரம் என்பது நெரிசலான அரங்கம். கார்பன் அணுக்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வரிசை தப்பாமல் உட்கார்ந்திருக்கும். எங்கோ ஓரிடத்தில் மட்டும் கார்பனின் நாற்காலியில் ஒரு நைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு அடுத்த நாற்காலி காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தை ஒட்டித்தான் அவர்கள் தேடுகிற ஸ்பின் குடியிருக்கிறது. பச்சை லேசரை அதன்மேல் விட்டால் சிவப்பாக ஒளிரும். சரியான அலைவரிசையில் மைக்ரோ அலையையும் சேர்த்து அனுப்பினால், ஸ்பின் புரண்டுகொள்ளும், அந்தச் சிவப்பு சற்று மங்கும். அலைவரிசையை மாற்றிக்கொண்டே போனால், மங்குகிற இடம் மட்டும் கணினித் திரையின் கோட்டில் பள்ளமாகத் தெரியும். பக்கத்தில் காந்தம் ஏதாவது வந்தால் பள்ளம் இடம் மாறும். எவ்வளவு மாறியது என்று பார்த்தால் காந்தத்தின் பலத்தைச் சொல்லிவிடலாம். அந்தப் பள்ளத்தை வைத்து நுட்பமாக அளப்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி.

சொல்ல இவ்வளவுதான். செய்யத்தான் பிராணன் போனது. முதல் வருஷம் முழுக்கக் கண்ணாடிகளோடு மல்லுக்கட்டினாள். ஒன்றைத் திருகினால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். கடைசியில் ஒரு மதியம் திரையில் சிவப்புப் புள்ளி எழுந்தது. அது ஒன்றுதானா, இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றுபோல் நடிக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. வருகிற ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு உணரிகளுக்கு அனுப்புவார்கள். உண்மையிலேயே ஒற்றை என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒளித்துகளைத்தான் அது உமிழும், அதனால் இரண்டு உணரிகளும் ஒரே கணத்தில் மணியடிக்காது. அக்காவின் புள்ளி அப்படித்தான் இருந்தது. ஒன்று அடித்தது, மற்றது வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் இத்தனை வருஷம் சாக்பீஸால் வைத்த புள்ளி எதிரே உட்கார்ந்து கண் சிமிட்டுவதைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள். பிறகு போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள்.

மைக்ரோ அலைக்கான கம்பியைப் பொருத்தியவன் அவளோடு ஆராய்ச்சி செய்த இன்னொரு மாணவன். தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை வைரத்தின்மேல் கிடத்திப் பற்றவைக்கிற கை அவனுக்கு. அதனால் அவன் பெயரே கம்பி ஆகிவிட்டது. பெயர்தான் கம்பியே தவிர, வேலை என்று வந்தால் கம்பி நீட்டுகிறவன் இல்லை. அவன் பொருத்திய மறுநாளே பள்ளம் விழுந்தது. அழகான, கூர்மையான பள்ளம்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. பள்ளம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் வலப்பக்கம் போகும், இடப்பக்கம் வரும், சில நேரம் மெல்லத் தள்ளாடும். பேராசிரியர் முதலில் லிஃப்ட்டைச் சந்தேகித்தார். ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தார்கள், அது குற்றவாளி இல்லை. வாசலில் நிற்கிற கார்களைத் தள்ளி நிறுத்தினார்கள். அறையின் குளிரை அளந்தார்கள். கம்பி தன் வேலையில்தான் கோளாறு என்று நினைத்து, பற்றவைத்ததைப் பிய்த்துவிட்டு முதலிலிருந்து செய்தான். அப்புறமும் தள்ளாடவே, மறுபடியும் பிய்த்தான்.

விசித்திரம் என்னவென்றால், கம்பி உட்கார்ந்து பார்த்தால் பள்ளம் ஆணி அடித்தாற்போல நிற்கும். பேராசிரியர் உட்கார்ந்தாலும் நிற்கும். அக்கா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேஜையோடு ஒட்டி உட்கார்ந்தால் மட்டும் அதற்குக் கால் முளைத்துவிடும்.

“அக்கா, உங்களைக் கண்டா அதுக்கு வெக்கம் போல” என்று கம்பி கேலி செய்தான்.

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பு வரவில்லை. நாற்பது வயதுக்குமேல் இதெல்லாம் நமக்கு எதற்கு, நம் கைராசி அவ்வளவுதான் போலிருக்கிறது என்று மனசு அரித்தது. மறுநாள் சாவிக்கொத்தைக் கழற்றி வெளியே வைத்தாள். போனைக் கதவோரத் தட்டில் வைத்தாள். கொண்டை ஊசிகளைப் பிடுங்கினாள். மூக்குக்கண்ணாடி, செருப்பு, பேனா என்று ஒவ்வொன்றாகத் துறந்தாள். தலைவிரி கோலமாக, வெறுங்காலோடு, கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, பேராசிரியர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். பள்ளம் அப்போதும் தள்ளாடியது.

ஒரு சனிக்கிழமை காலை, யாரும் இல்லாத நேரத்தில் அவள் தனியாகப் போனாள். வழக்கமாகச் சனிக்கிழமைகளில் அவள் போவதில்லை. குற்றம் தன்னிடமா இல்லையா என்று கேலிக்கு ஆள் இல்லாமல் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. கருவிகளை ஓடவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜையோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

பள்ளம் நின்றது. அசையவே இல்லை.

எழுந்து போய் வந்து உட்கார்ந்தாள். நின்றது. இன்னும் குனிந்து கிட்டே போனாள். அப்போதும் நின்றது. அதே நாற்காலி, அதே செருப்பு, அதே மூக்குக்கண்ணாடி. இன்றைக்கு என்ன வேறு? அந்த நேரம் பார்த்துக் கதவோரத்தில் போன் அடித்தது. கணவர்.

“ஒண்ணும் அவசரமில்ல” என்று ஆரம்பித்தார். “துணி துவைக்கலாம்னு இருந்தேன். உன்னோட அந்த இடுப்பு பெல்ட் இருக்கில்ல, அதையும் போட்டுடலாம்னு எடுத்துட்டுப் போனா, வாஷிங் மெஷின் மேல டப்புனு போய் ஒட்டிக்கிச்சு. இழுத்தா கிழிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. அதுக்குள்ள அப்படி என்னதான் வச்சிருக்காங்க?”

“காந்தம்” என்றாள் அக்கா.

சொன்ன வாய் மூடவில்லை.

அந்தப் பெல்ட்டின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணாடிகளை நாள் முழுக்கக் குனிந்து திருகியதில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அது மாமியாரின் கண்ணில் பட்டது. வீடு வீடாக வந்த விற்பனைக்காரர் ஒருவரிடம் அவர் ஒரு பெல்ட் வாங்கிவிட்டார். உள்ளே வரிசையாகக் காந்த வில்லைகள் தைத்தது. காந்தம் ரத்தத்தைச் சீராக்கும், வலி பறந்துபோகும் என்று விற்பனைக்காரர் சொன்னாராம். அக்கா அதை நம்பவில்லை. ஆனால் இறுக்கிக் கட்டினால் இடுப்புக்குப் பிடிமானமாக இருந்தது. மாமியார் ஆசையாக வாங்கியது வேறு. அதனால் வேலைக்குப் போகிற நாளெல்லாம் உடைக்கு உள்ளே கட்டிக்கொண்டு போனாள். இயற்பியல் படிக்கிறவள் காந்த வைத்தியம் பார்க்கிறாள் என்று தெரிந்தால் மானம் போய்விடும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுத்தவர் கண்ணிலிருந்து மறைத்து மறைத்து, கடைசியில் தன் ஞாபகத்திலிருந்தே மறைத்துவிட்டாள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளாம் ஒருத்தி என்பார்கள். இவள் இடுப்பில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு கொண்டை ஊசியைப் பிடுங்கியிருக்கிறாள்.

சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுமுனையில் கணவர் பயந்துபோய், “என்னாச்சு, ஏதாவது வெடிச்சிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை வரை சந்தோஷம். பிறகு யோசனை வந்தது. பெல்ட்டை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனால் போதும், பள்ளம் நின்றுவிடும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மானமும் மிஞ்சும். ஆனால் கம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. தன்னுடைய கைதான் சரியில்லை என்று நினைத்துப் பற்றவைத்ததைப் பிய்த்துப் பிய்த்துக் கட்டுகிறான். அவனைத் தொடர்ந்து அப்படி நினைக்க விடுவதைவிட மானம் போவது தேவலை என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் இருக்கும்போது பெல்ட்டை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்தாள். மேஜை மேல் வைக்கவில்லை, அது போய் மேஜையோடு ஒட்டிக்கொண்டால் இன்னொரு கூத்து. கையில் தூக்கிப் பிடித்தபடி நடந்ததையெல்லாம் சொன்னாள். கம்பி விழுந்து விழுந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவனோ பெருமூச்சு விட்டு, “அப்போ என் கம்பி நல்லாத்தான் இருந்துச்சா?” என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தது என்று அவள் சொன்னபிறகுதான் சிரித்தான். அதன்பிறகு அவனை நிறுத்த முடியவில்லை.

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், தப்பா நினைக்கலேன்னா, அதைக் கட்டிக்கிட்டு ஒரு தடவை உக்கார முடியுமா?” என்றார்.

பக்கத்து அறைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பள்ளம் உடனே தன் பழைய புத்தியைக் காட்டியது. அசையாமல் இருக்கச் சொன்னார். நகர்ந்த பள்ளம் புது இடத்தில் நின்றது, ஆனால் முழுக்க நிற்கவில்லை. மெல்லத் தள்ளாடியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பள்ளம் ஒரு பக்கம் நகர்ந்து அங்கேயே நின்றது. விடச் சொன்னார். திரும்பி வந்தது. இன்னொரு முறை. இழுத்தால் அந்தப் பக்கம், விட்டால் இந்தப் பக்கம்.

எல்லோரும் திரைப்பக்கம் குனிந்தார்கள். அக்காவின் மூச்சு அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வயிறு உப்பும்போது காந்த வில்லைகள் கட்டை விரல் அகலம்கூட நகர்ந்திருக்காது. அந்த அசைவை, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒற்றை ஸ்பின், வைரத்துக்குள் உட்கார்ந்தபடி உணர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இரைச்சல் என்று திட்டியதெல்லாம் அவள் உயிரோடு இருக்கிறாள் என்கிற சேதிதான்.

“மேடம்” என்றார் பேராசிரியர். “நம்ம கருவி கெட்டுப் போகல. நாம நினைச்சதைவிட நல்லா இருக்கு.”

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அளந்து செய்த சின்னக் காந்தம் ஒன்றை ஓர் இயந்திரக் கையில் பொருத்தி, மெதுவாக நகர்த்தி, பள்ளம் எவ்வளவு நகர்கிறது என்று முறையாக அளந்தார்கள். மெல்லிய, நிதானமான அசைவுகளை ஒற்றை ஸ்பின்னைக் கொண்டு பின்தொடர்வது என்பதே அவளுடைய ஆராய்ச்சியின் மையமாகிவிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானபோது ஆசிரியர்கள் வரிசையில் அவள் பெயர் முதலில் இருந்தது, கம்பியின் பெயர் இரண்டாவது.

வீட்டில் செய்தி வேறு மாதிரி பரவியது. அக்கா எவ்வளவோ விளக்கினாள், காந்தம் ஸ்பின்னை அசைத்ததே தவிர வலியைத் தீர்க்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை என்றாள். மாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்து வீட்டு அம்மாளிடம், “நான் வாங்கின பெல்ட்டுக்குச் சக்தி இருக்குன்னு வைரமே சாட்சி சொல்லிடுச்சு” என்றார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒன்றும், அவருடைய தங்கை ஒன்றும் வாங்கினார்கள். அக்கா அதற்குமேல் வாதாடவில்லை. இயற்பியல் ஒரு வீட்டில் ஓரளவுக்குத்தான் செல்லுபடியாகும் என்பது ஆசிரியையாக இருந்தபோதே அவளுக்குத் தெரியும்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு மொத்தக் குடும்பமும் வந்தது. கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, சலவை மடிப்புக் கலையாத சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் படம் பிடித்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். ஆய்வேட்டைப் புரட்டி ஒரு படத்தில் விரலை வைத்தார். சீராக ஏறி இறங்குகிற கோடு அது. இந்த அசைவு எதிலிருந்து வந்தது, யாருடைய மூச்சு என்று கேட்டார்.

“என்னோடதுதாங்க” என்றாள் அக்கா.

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பதற்றமில்லாத மூச்சுதான், ஆராய்ச்சிக்கு ஏற்ற மூச்சு என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரிசையிலிருந்து மாமியார் கைதட்ட ஆரம்பித்தார். இன்னும் முடியவில்லை என்று மகள் காதில் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. பேராசிரியரும் சேர்ந்து தட்டவே, வேறு வழியில்லாமல் தேர்வாளரும் தட்டினார்.

அக்கா இப்போது அங்கேயே ஆராய்ச்சியாளராக இருக்கிறாள். இடுப்பு வலிக்கு நாற்காலியை மாற்றினாள், நடக்கவும் ஆரம்பித்தாள், பாதி குறைந்திருக்கிறது. கம்பி வேறு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டான், பற்றவைப்பில் சந்தேகம் வந்தால் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவான். போன வாரம் புது வைரத் தகடு ஒன்று வந்தது. பழையதைவிடத் தூய்மையானது, அதனால் குறையைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். மூன்று நாளாகத் தேடுகிறாள், இன்னும் ஒரு புள்ளிகூட அகப்படவில்லை. நேற்றுப் பேருந்தில் ஏறியபோது கணவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பி, கிடைத்ததா என்று கண்ணாலேயே கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். அப்படித் தலையாட்டும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தவர்கள், ஏதோ கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.